மங்கலாகப் போறது யார்?

இப்ப யாருடைய போனைத் திறந்தாலும் ஒரே மாதிரியான படங்கள்தான். நடுவில் ஒரு முகம், அதைச் சுற்றிப் பஞ்சு மாதிரி ஒரு மங்கல். கல்யாண வீடு, சாமத்திய வீடு, பட்டமளிப்பு, கோயில் தேர் எல்லாத்திலயும் ஆள் இருக்கிறார், ஆள் நின்ற இடம் இல்லை. வடிவாத்தான் இருக்கு, அதில் சந்தேகம் இல்லை. ஆனால் அந்த மங்கலை யார் தீர்மானிச்சது என்று கேட்டால் எங்களில் பலரிடம் பதில் இல்லை. போன் தீர்மானிச்சது. நாங்கள் பட்டனை அமத்தினது மட்டும்தான்.

நாங்கள் சொல்ல வாறது இதுதான்: ஒரு படத்தில் எது தெளிவாக இருக்கவேணும், எது மங்கவேணும் என்பது படம் எடுக்கிறவர் எடுக்கவேண்டிய முடிவு. அந்த முடிவைத் திரும்ப எங்கட கைக்குக் கொண்டுவர, படத்தின் ஒரு பகுதியை மட்டும் தெளிவாக வைச்சு மிச்சத்தைக் கரைக்கிற செலக்டிவ் ஃபோகஸ் லென்ஸ்கள் நல்ல வழி. அதுகள் வெறும் விளையாட்டுச் சாமான் என்று சொல்லுறவையோடயும் எங்களுக்கு உடன்பாடு இல்லை. அதுகளால் எதை எடுத்தாலும் கலை என்று சொல்லுறவையோடயும் உடன்பாடு இல்லை.

போன் செய்யிற வேலை

பெரும்பாலான போன்களின் சென்சர் சுண்டுவிரல் நகத்தளவுதான். சென்சர் சின்னனாக இருந்தால், சாதாரண தூரத்தில் நிக்கிற ஆளும் அவருக்குப் பின்னால் இருக்கிற மதிலும் ஏறக்குறைய ஒரேயளவு தெளிவாக விழும். பின்னணி தானாக மங்காது. அதனால்தான் 2016 இல் ஆப்பிள் ஐபோன் 7 பிளஸில் 'போர்ட்ரெயிட் மோட்'டைக் கொண்டு வந்தது. இரண்டு லென்ஸ்கள் பார்க்கிறதை ஒப்பிட்டு, எது கிட்ட, எது தூரம் என்று கணிச்சு, தூரத்தில் இருக்கிறதை மென்பொருளால் மங்கலாக்குவது அதன் வேலை. அடுத்த வருசம் கூகிள் பிக்சல் 2 இல் ஒரே லென்ஸை வைச்சு, மனிசரையும் பின்னணியையும் பிரிக்கப் பழக்கின மென்பொருளின் உதவியோடு அதையே செய்தது. இன்று குறைஞ்ச விலைப் போன்களிலும் அது இருக்கு.

இந்த மென்பொருள் முதலில் முகத்தைத் தேடும். முகம் கிடைச்சால் மற்றதெல்லாம் பின்னணி. அம்மம்மாவின் படத்தில் அவவின் முகம் முக்கியமா, மடியில் இருக்கிற பாக்குவெட்டி முக்கியமா, பின்னால் சுவரில் தொங்கிற அம்மப்பாவின் படம் முக்கியமா என்று அதுக்குத் தெரியாது. தலையில் வைச்ச மல்லிகைச் சரத்தில் பாதியை வெட்டிப் போடும், மூக்குக்கண்ணாடியின் ஓரத்தைக் கரைக்கும். இந்தப் பிழைகள் வருசா வருசம் குறைஞ்சுகொண்டு வருது. எங்கட கவலை பிழையைப் பற்றினது இல்லை. ஒரு பிழையும் இல்லாமல் செய்தாலும், 'முகம் மட்டும் போதும், இடம் தேவையில்லை' என்ற அபிப்பிராயம் ஒன்று எல்லாப் படங்களுக்குள்ளயும் போய் இருக்குது. பிறகு வேற இடத்தைத் தொட்டு மாத்தலாம்தான். ஆனால் எங்களில் எத்தினை பேர் மாத்துறம்?

லென்ஸ் செய்யிற வேலை

சாதாரண தர விஞ்ஞானத்தில் 'வில்லை' என்று படிச்சதை ஒருக்கா ஞாபகப்படுத்துங்கோ. வழக்கமான கமராவில் சென்சரும் லென்ஸும் ஒன்றுக்கொன்று சமாந்தரம். அதனால் தெளிவாகத் தெரியிற தளமும் கமராவுக்கு முன்னால், நிமிர்த்தி வைச்ச ஒரு கண்ணாடித் தகடு மாதிரி நிக்கும். தகட்டில் படுகிறது தெளிவு, முன்னுக்கோ பின்னுக்கோ போகப்போக மங்கல். லென்ஸைக் கொஞ்சம் சரிச்சால் அந்தத் தகடும் சரியும். சென்சரின் தளம், லென்ஸின் தளம், தெளிவுத் தளம் மூன்றும் ஒரே கோட்டில் சந்திக்கும் என்பது விதி. இந்த விதியை ஒஸ்ரியாவின் தியடோர் ஷைம்ப்ஃளுக் என்ற இராணுவ அதிகாரியின் பெயரால் சொல்லுவினம். வானத்தில் இருந்து எடுத்த படங்களைத் திருத்தி வரைபடமாக்க வேணும் என்பதற்காக, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதில் வேலை செய்தவர் அவர்.

லென்ஸைச் சரிக்கிறது முதலில் தெளிவைக் கூட்டுறதுக்குத்தான் பாவிக்கப்பட்டது. மேசையில் பரப்பின சாமான்கள், நீளமான கட்டடம், வயல்வெளி போன்றவற்றை முன்னுக்கு இருந்து பின்னுக்கு மட்டும் தெளிவாக எடுக்க வேணுமெண்டால் லென்ஸைச் சரிப்பினம். அதையே எதிர்ப்பக்கம் சரிச்சால் ஒரு மெல்லிய கீற்று மட்டும் தெளிவாக நிண்டு மிச்சம் கரையும். இத்தாலியப் படக்கலைஞர் ஒலிவோ பார்பியேரி 2003 அளவில் ஹெலிகொப்டரில் இருந்து நகரங்களை இப்பிடி எடுக்கத் தொடங்கினார். உண்மையான நகரங்கள் பொம்மை நகரங்கள் மாதிரித் தெரிஞ்சுது. மிகச் சின்னப் பொருளைக் கிட்ட வைச்சுப் பார்க்கும்போதுதான் முன்னும் பின்னும் அவ்வளவு மங்கும் என்று எங்கட கண்ணுக்குப் பழக்கம். அந்தப் பழக்கத்தை அவர் பாவிச்சார்.

2004 இல் அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரத்தில் கிரெய்க் ஸ்ட்ரோங் என்ற படப்பிடிப்பாளர் 'லென்ஸ்பேபி'யை விற்பனைக்குக் கொண்டு வந்தார். பழைய லென்ஸ் ஒன்றை வக்யூம் கிளீனர் குழாயில் பொருத்தி, அதைத் தன்ர டிஜிட்டல் கமராவில் மாட்டிப் பார்த்ததில் இருந்து பிறந்த யோசனை அது. முதல் லென்ஸ்பேபியை விரலால் அமத்தி, வளைச்சுப் பிடிக்கவேணும். பிறகு வந்தவை பந்துமூட்டு மாதிரித் திரும்பும். 'ஸ்வீட்' என்ற வகையில் ஒரு வட்டம் தெளிவாக இருக்கும், அதைச் சுற்றி இழுபட்ட மாதிரி மங்கும். 'எட்ஜ்' என்ற வகையில் ஒரு கீற்றுத் தெளிவாக இருக்கும். ஓட்டோ ஃபோகஸ் இல்லை. எல்லாம் கையால்.

அந்தக் கைவேலைதான் எங்களுக்குப் பிடிச்சது. முகத்தைத் தேடித் தாற மென்பொருள் இல்லாதபடியால், எங்க வைக்கிறது என்று யோசிக்காமல் ஒரு படமும் எடுக்க ஏலாது. ஒரு படத்துக்கு அரை நிமிசம் போகும். அந்த அரை நிமிசத்தில் எதிரில் இருக்கிறவரோட ரெண்டு வார்த்தை கதைக்கவும் வேண்டிவரும்.

காசு இல்லாதவர்களுக்கு

டொலர் விலையும் இறக்குமதிச் செலவும் சேர்ந்தால் புது லென்ஸ்பேபி எங்களைப் போல மாணவருக்கு எட்டாது. எட்டவேண்டிய தேவையும் இல்லை. எங்கட வட்டத்தில் நாங்கள் செய்து பார்த்த வழிகள் இவை.

ஒன்று, பழைய மனுவல் லென்ஸ். சோவியத் காலத்தில் செனிற் கமராக்களோடு வந்த ஹீலியோஸ் 44-2 லென்ஸ் பழைய சாமான் விற்கிறவர்களிடம் இன்னும் கிடைக்குது. 58 மில்லிமீற்றர், எஃப்/2. ஒரு அடப்டர் வளையம் இருந்தால் இன்றைய கமராக்கள் பலதில் பொருந்தும். அப்பெர்ச்சரை முழுக்கத் திறந்து, இலைகள் நிறைஞ்ச பின்னணி முன்னால் ஆளை நிப்பாட்டினால், நடு தெளிவாக இருக்க ஓரங்கள் சுழி மாதிரிச் சுத்தும்.

இரண்டு, லென்ஸைக் கழற்றிக் கையில் பிடிக்கிறது. 50 மில்லிமீற்றர் லென்ஸைக் கமராவில் இருந்து கழற்றி, வாய்க்குக் கிட்டவே வைச்சுக்கொண்டு மெல்லச் சரிச்சால், அதுவே ஒரு சரிவு லென்ஸ். லென்ஸ் இல்லாமலும் படம் எடுக்கலாம் என்று மெனுவில் மாத்தவேணும். லென்ஸ் முன்னுக்குத் தள்ளுப்படுறதால் கிட்ட இருக்கிற பொருள்தான் தெளியும், தூரக்காட்சி சரிவராது. இடைவெளியால் வெளிச்சம் புகுந்து படத்தில் ஒரு வெளிறல் விழும், சிலவேளை அதுவும் வடிவு. ஆனால் தூசிக் காத்து அடிக்கிற நேரத்திலும் கடற்கரையிலும் செய்யாதீங்கோ, சென்சர் பழுதாகிவிடும்.

மூன்று, பொலித்தீன். மெல்லிய சொப்பிங் பை ஒன்றின் நடுவில் ஓட்டை கிழிச்சு லென்ஸுக்கு முன்னால் பிடிச்சால் நடு தெளிவாகவும் ஓரம் பனிமூட்டமாகவும் வரும். வாஸ்லினும் பூசலாம். ஆனால் லென்ஸில் நேர பூசாமல், முன்னால் மாட்டுற மலிவான கண்ணாடி ஃபில்ட்டரில் பூசவேணும்.

நாலு, போன் மட்டும்தான் இருக்கெண்டால், போர்ட்ரெயிட் மோட்டை நிப்பாட்டிப்போட்டுப் பொருளுக்கு மிகக் கிட்டப் போங்கோ. கிட்டப் போனால் போன் லென்ஸும் உண்மையாகவே மங்கலைத் தரும். எதைத் தெளிவாக்கிறது என்று விரலால் தொட்டு நீங்களே சொல்லுங்கோ.

பொகவந்தலாவையில் ஒரு கல்லறை

உயர்தரத்தில் வரலாறு படிச்ச எல்லாருக்கும் கோல்புறூக் – கமரன் சீர்திருத்தம் தெரியும். அந்த சார்ல்ஸ் ஹே கமரனின் மனைவி யார் என்று எங்களுக்கு ஒருத்தரும் சொல்லித்தரேல்லை. ஜூலியா மார்கரெட் கமரன். 1815 இல் கல்கத்தாவில் பிறந்தவர். 1863 இன் கடைசியில், 48 வயதில், மகளும் மருமகனும் கொடுத்த கமராவோடு படம் எடுக்கத் தொடங்கினார். சார்ல்ஸ் டார்வின், கவிஞர் டெனிசன், விஞ்ஞானி ஜோன் ஹெர்ஷல் என்று அந்தக் காலத்துப் பெரிய ஆட்களின் முகங்களைக் கிட்ட இருந்து, மென்மையான மங்கலோடு எடுத்தார். இவருக்கு ஃபோகஸ் பண்ணத் தெரியாது என்று அந்தக் காலத்துப் படப்பிடிப்பு நிபுணர்கள் நக்கல் அடிச்சினம். மற்றவர்கள் லென்ஸை இன்னும் திருப்பித் தெளிவாக்கிற இடத்தில், தன் கண்ணுக்கு வடிவாகப் பட்டவுடனே தான் நிப்பாட்டிவிடுவதாக அவர் பிறகு எழுதினார். செலக்டிவ் ஃபோகஸை ஒரு கலை முடிவாக நிமிர்ந்து நிண்டு சொன்ன முதல் ஆட்களில் ஒருவர் அவர். எங்கட அபிமானம் அந்த விசயத்தில் அவருக்கு எப்பவும் உண்டு.

கமரன் குடும்பத்துக்கு இலங்கையில் கோப்பித் தோட்டங்கள் இருந்தன. 1875 இல் அவர்கள் இங்க வந்து குடியேறினார்கள். ஜூலியா 1879 இல் இறந்தார். அவரும் கணவரும் பொகவந்தலாவைப் புனித மரியாள் தேவாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டிருக்கினம். இலங்கையில் அவர் எடுத்த படங்களில் கொஞ்சம்தான் மிஞ்சியிருக்கு. ஒன்றுக்குத் தலைப்பு, களுத்துறைக் கிராமத்தவர் குழு ஒன்று என்ற அர்த்தத்தில் இருக்குது. இங்கிலாந்தில் எடுத்த படங்களில் ஹெர்ஷலுக்குப் பெயர் இருக்கு. மடோனாவாக வேசம் போட்ட வேலைக்காரப் பெண் மேரி ஹில்லியருக்கும் பெயர் இருக்கு. இங்க எடுத்த படங்களில் இருக்கிறவர்களில் பெரும்பாலானோருக்குப் பெயர் இல்லை. முகம் தெளிவாகத்தான் இருக்கு, ஆள் மங்கிப் போனார்.

இதை அவரைக் குறை சொல்ல எழுதேல்லை. எங்கட வகுப்பில் மலையகப் பிள்ளைகள் இருக்கினம். அவர்களின் முன்னோர் இப்பிடியான கோப்பித் தோட்டங்களுக்கு வந்து, பிறகு தேயிலைக்கு மாறினவர்கள். 2023 இல் மலையகத் தமிழர் வந்து 200 வருசம் என்று நினைவுகூர்ந்தோம். ஆனால் இன்றைக்கும் சுற்றுலாப் படங்களில் என்ன நடக்குது? தேயிலைக் கொழுந்து முன்னுக்கு, பனித்துளியோடு, ஊசி மாதிரித் தெளிவு. பின்னால் கூடையோடு நிக்கிற பெண் ஒரு சிவப்புப் பொட்டு. கல்யாண ஜோடிகளின் பிரீ ஷூட்டிலும் அப்பிடித்தான். மலைச்சரிவில் ஜோடி தெளிவு, கொழுந்து எடுக்கிறவர்கள் நிறத்துக்காக வைச்ச மங்கல். எங்கட நண்பி ஒருத்தி அப்பிடி ஒரு படத்தைப் பார்த்திட்டுச் சொன்னாள்: "இதில எங்கட அம்மாவும் நிக்கலாம், எனக்கே தெரியாது." அந்தச் சொல்லுக்குப் பிறகு 'வடிவான பொக்கே' என்று கொமெண்ட் போட எங்களுக்கு மனம் வரேல்லை.

தாயும் கையில் இருக்கிற படமும்

வடக்கிலும் கிழக்கிலும் வளர்ந்த எங்களுக்குப் பழக்கப்பட்ட இன்னொரு படம் இருக்கு. காணாமல் ஆக்கப்பட்ட தன்ர பிள்ளையின் படத்தை நெஞ்சோடு பிடிச்சபடி நிக்கிற தாய். 2017 இல் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் தொடங்கின தொடர் போராட்டங்களில் இருந்து இப்பிடியான படங்கள் எத்தினையோ வந்திட்டுது. பெரிய அப்பெர்ச்சரில் கிட்ட இருந்து எடுக்கிறவருக்கு ஒரு சிக்கல் வரும். பிரேமில் இருக்கிற மகனில் ஃபோகஸ் வைச்சால் தாயின் முகம் மங்கும். தாயில் வைச்சால் மகன் மங்குவான். இரண்டுக்கும் இடையில் ஒரு முழத்தூரம்கூட இல்லை. ஆனால் லென்ஸுக்கு அது காணும். போர்ட்ரெயிட் மோட் அனேகமாகத் தாயின் முகத்தைப் பிடிக்கும், சிலவேளை பிரேமில் இருக்கிற முகத்தைப் பிடிக்கும். இரண்டிலும் ஒரு ஆள் இரண்டாம் தரம் காணாமல் போகிறார்.

சரிவு லென்ஸ் உண்மையிலேயே பிரயோசனப்படுற இடம் இது. பிரேம் கீழேயும் கிட்டவும் இருக்கு, முகம் மேலேயும் கொஞ்சம் தூரத்திலும் இருக்கு. லென்ஸைக் கொஞ்சம் கீழ்நோக்கிச் சரிச்சால் தெளிவுத் தகடும் சாயும். கீழ் விளிம்பில் மகன், மேலே தாய், இரண்டு பேரும் ஒரே தகட்டில். பின்னால் வீதியும் வாகனங்களும் மங்கிப் போகும். ஒரு ஆளைப் பிரிச்சு எடுக்கிறதுக்கு என்று எல்லாரும் நினைக்கிற லென்ஸ், பிரிஞ்சு போன இரண்டு பேரை ஒன்றாக வைக்கவும் உதவும். எந்தப் பக்கம் சரிக்கிறது என்பதுதான் கேள்வி.

எங்களோடு உடன்படாதவர்களுக்கு

'இதெல்லாம் ஏமாத்து வேலை, எல்லாத்தையும் தெளிவாக எடு, பார்க்கிறவர் தீர்மானிக்கட்டும்' என்று சொல்லுறவர்கள் இருக்கினம். இது பழைய வாதம். 1932 இல் அன்சல் அடம்ஸ், எட்வேர்ட் வெஸ்டன் போன்றவர்கள் கலிபோர்னியாவில் எஃப்/64 என்ற குழுவைத் தொடங்கினதே மங்கலுக்கு எதிராகத்தான். எஃப்/64 என்பது மிகச் சின்னத் துவாரம், முன்னும் பின்னும் எல்லாம் தெளிவாக விழும். அவர்களின் படங்களை நாங்களும் மதிக்கிறம். ஆனால் எல்லாம் தெளிவாக இருந்தாலும் எங்க நிக்கிறது, எதைச் சட்டத்துக்கு வெளியே விடுறது என்ற முடிவு அங்கயும் இருக்கு. தெரிவு இல்லாத படம் ஒன்று இல்லை.

செய்திப்படம் வேற என்று இன்னொரு வாதம். அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் பின்னணியை டிஜிட்டலாக மங்கலாக்கக் கூடாது என்று தன் விதிகளில் வைச்சிருக்கு. அது சரியான விதி என்றே நினைக்கிறம். லென்ஸால் வாற மங்கல் படம் எடுத்த அந்த நொடியில், அந்த இடத்தில் நடந்தது. பிறகு வைக்கிற மங்கல் அப்பிடி இல்லை. செய்திப்பட உலகத்திலும் லென்ஸ் மங்கலுக்கு இடம் இருந்திருக்கு. அமெரிக்கச் செய்திப்படக் கலைஞர் டேவிட் பேர்னெற், 2004 தேர்தல் காலத்தில், எல்லாரும் டிஜிட்டல் கமராவோடு ஓட, பழைய ஸ்பீட் கிராபிக் கமராவில் இரண்டாம் உலகப்போர் கால வான்படப்பிடிப்பு லென்ஸ் ஒன்றைப் பொருத்தி எடுத்தார். ஆயிரம் கமராக்கள் நிண்ட மேடையில் அவர் படம் மட்டும் வேற மாதிரி இருந்ததுக்குக் காரணம், எங்க பார்க்கவேணும் என்று அவர் முடிவெடுத்திருந்ததுதான்.

மூன்றாவது வாதம் எங்கட வயசுக்காரரிடம் இருந்து வாறது: 'மச்சான், சும்மா ஒரு ஸ்ரோரி போடுறதுக்கு இவ்வளவு யோசிக்கவேணுமா?' எல்லாப் படத்துக்கும் தேவையில்லை. ரீக்கடையில் நண்பர்களோடு எடுக்கிற செல்ஃபிக்கு போன் முடிவெடுத்தால் ஒன்றும் குறையாது. ஆனால் வேற ஒருத்தரின் வாழ்க்கையைப் படமாக எடுத்து வெளியில் போடும்போது, போட்டிக்கு அனுப்பும்போது, கண்காட்சியில் தொங்கவிடும்போது, யோசிக்கத்தான் வேணும்.

வாற முறை வளாகத்தில் படக் கண்காட்சி வைக்கிறவர்களிடம் எங்கட கோரிக்கை சின்னது. ஒவ்வொரு படத்துக்கும் கீழே கமராவின் பெயரும் லென்ஸின் பெயரும் போடுறீங்கள். அதோட, படத்தில் இருக்கிறவரிடம் கேட்டு, அவர் சம்மதிச்சால், அவருடைய பெயரையும் போடுங்கோ. படம் எடுக்கமுன்னம் இன்னொரு கேள்வியும் கேட்டுப் பாருங்கோ: "இந்தப் படத்தில் எது வடிவாத் தெரியவேணும்?" சிலர் முகம் என்பினம். சிலர் கையைக் காட்டுவினம், சிலர் பின்னால் நிக்கிற வீட்டைக் காட்டுவினம். தன்னைத் தெரியாமல் எடுங்கோ என்று கேக்கிறவரும் இருப்பார், அதுவும் அவருடைய உரிமை. பதிலைக் கேட்டுப்போட்டு லென்ஸைச் சரியுங்கோ.